சொந்த மெஷினில் சொந்தக் குறிப்புகள்: வன்னியில் இருந்து தொடங்குகிறவர்களுக்கு

குறிப்பு எழுத எந்த மென்பொருளை சேர்வரில், அதாவது வீட்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியில், போடலாம் என்று தேடினால் இருபது பெயர் வந்து விழும். எல்லாம் இலவசம், எல்லாம் வடிவான படங்களோடு இருக்கும். அந்தப் பட்டியல்களைப் போடுகிறவர்களின் வீட்டில் கரண்ட் நிற்பதில்லை, இன்டர்நெட்டும் கம்பியில் வருகிறது. பரந்தனிலோ ஒட்டுசுட்டானிலோ மாங்குளத்திலோ இருந்துகொண்டு ஒரு பழைய லப்டொப்பையும் 4ஜி ரவுட்டரையும் வைத்துச் செய்யப்போகிறவர் வேறு ஒழுங்கில் யோசிக்க வேண்டும். நான் எந்த மென்பொருளைப் பார்த்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்: இந்த சேர்வர் நாளைக்கே எரிந்துபோனால், எழுதியதையெல்லாம் பென்டிரைவில் இருந்து ஒரு சாதாரண போனில் திறந்து வாசிக்க முடியுமா? அழகு, வேகம், வசதி எல்லாம் அதற்குப் பிறகு.

என்ன எழுதப் போகிறீர்கள்

ஒன்றையும் டவுன்லோட் செய்ய முதல் ஒரு கொப்பித் தாளை எடுத்து, போன மாதம் எதையெல்லாம் தேடி அலைந்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். காலபோகத்துக்கு எத்தனை புசல் விதைநெல் போனது, பசளை எப்போது எறிந்தது, கமநல சேவை நிலையத்தில் என்ன சொன்னார்கள், கடைக்கு யார் எவ்வளவு தரவேண்டும், இப்படி ஒரு பகுதி வரும். இவை வரம்பில் நின்றும் பஸ்ஸில் இருந்தும் போனில் தட்டுகிற ஓட்டக் குறிப்புகள். சிக்னல் இல்லாத இடத்திலும் எழுத முடியாவிட்டால் இரண்டு கிழமையில் கைவிட்டுவிடுவீர்கள்.

இன்னொரு பகுதி செய்முறைகள். தண்ணீர் மோட்டரைக் கழற்றிப் பூட்டுவது, சோலர் இன்வேர்ட்டரில் எந்த செட்டிங் எதற்கு, ரியூஷன் வகுப்புக்கான பாடக் குறிப்பு. ஆறுதலாக இருந்து ஒருமுறை எழுதி, வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்ப்பவை.

பிறகு பத்திரங்கள். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை. இடம்பெயர்வில் பத்திரம் தொலைத்த குடும்பம் இல்லாத ஒழுங்கை வன்னியில் அரிது, அதனால் எல்லாருக்கும் முதலில் வரும் எண்ணம் இவற்றை ஸ்கேன் பண்ணி உள்ளே போடுவதுதான். நல்ல எண்ணம், ஆனால் அது குறிப்பு மென்பொருளின் வேலை இல்லை. படமும் பிடிஎஃபும் ஒரு சாதாரண போல்டரில், ஒழுங்கான பெயரோடு இருந்தால் போதும். நூற்றுக்கணக்கில் தாள் இருந்தால் மட்டும், ஸ்கேன்களை அடுக்கித் தேடவிடும் பேப்பர்லெஸ் மாதிரி ஒன்றை யோசியுங்கள்.

சேர்வர் உண்மையிலேயே வேண்டுமா

கனபேர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் ஒருவர்தான் எழுதுகிறீர்கள், ஒரு போன், ஒரு லப்டொப் என்றால் சேர்வரே தேவையில்லாமல் இருக்கலாம். குறிப்புகளை மார்க்டவுன் கோப்புகளாக, அதாவது தலைப்புக்கும் பட்டியலுக்கும் சின்னச் சின்ன அடையாளம் போட்ட வெறும் எழுத்துக் கோப்புகளாக, ஒரு போல்டரில் வைத்து, சின்க்திங் என்ற மென்பொருளால் இரண்டு கருவிக்கும் இடையில் ஒத்திசைத்துக்கொண்டால் முக்கால்வாசி அலுவல் முடிந்துவிடும். சின்க்திங்குக்கு நடுவில் யாருடைய சேர்வரும் தேவையில்லை, ஒரே வைஃபையில் இருந்தால் இன்டர்நெட்டே இல்லாமல் வேலை செய்யும். இரண்டு கருவியும் ஒரே நேரத்தில் ஓன் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அன்ட்ரொய்டுக்கான அவர்களுடைய சொந்த ஆப் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது, இப்போது சின்க்திங்-ஃபோர்க் என்ற பெயரில் வேறு ஆட்கள் நடத்துவதைத்தான் போட வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒத்திசைவு என்பது காப்புப் பிரதி இல்லை. போனில் ஒரு கோப்பை அழித்தால் லப்டொப்பிலும் சேர்ந்தே அழியும். ஆகவே லப்டொப் பக்கத்தில் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். ஒரே குறிப்பை இரண்டு இடத்திலும் திருத்தினால் இரண்டில் ஒன்று முரண்பாட்டுக் கோப்பு என்ற பெயரோடு பக்கத்தில் வந்து நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை, இரண்டையும் திறந்து வேண்டியதை எடுத்துவிட்டு மற்றதை அழிக்கலாம்.

எழுதுவதற்கு ஒப்சிடியன் நல்லது. இலவசம், ஆனால் திறந்த மூலம் இல்லை, அதாவது அதன் நிரலை யாரும் பார்த்துத் திருத்த முடியாது. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய பிரச்சினையாகப் படவில்லை, ஏனென்றால் உங்கள் கையில் கிடப்பது வெறும் மார்க்டவுன் கோப்புகள், ஒப்சிடியன் நாளைக்கு மூடப்பட்டாலும் நோட்பேடில் திறக்கும்.

இல்லை, வீட்டில் நாலு பேர் பார்க்க வேண்டும், அல்லது சங்கத்துக்கோ வகுப்புக்கோ சேர்த்துத்தான் என்றால் சரி, சேர்வருக்குப் போகலாம்.

எதைத் தெரிவு செய்வது

தொடங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது டோக்குவிக்கி, பிரவுசரிலேயே பக்கம் பக்கமாக எழுதித் திருத்தும் ஒரு விக்கி மென்பொருள். 2004இல் இருந்து இருக்கிறது, பார்க்கப் பழசாகத்தான் இருக்கும், அதற்காக ஒதுக்க வேண்டாம். இதற்கு டேட்டாபேஸ் கிடையாது. ஒவ்வொரு பக்கமும் டேட்டா என்ற போல்டருக்குள் ஒரு எழுத்துக் கோப்பு, பழைய பதிப்புகள் பக்கத்திலேயே இன்னொரு போல்டரில். காப்புப் பிரதி என்றால் அந்த டேட்டா போல்டரையும் அமைப்புகள் இருக்கும் கொன்ஃப் போல்டரையும் கொப்பி பண்ணுவது, வேறொன்றுமில்லை. பிஎச்பி என்ற நிரல்மொழி ஓடுகிற எந்தப் பழைய மெஷினும் இதைத் தாங்கும். விண்டோஸ் தவிர வேறொன்றும் தெரியாதென்றால் பென்டிரைவில் வைத்தே ஓடுகிற பதிப்பு ஒன்று இருக்கிறது, முதலில் அதில் விளையாடிப் பார்க்கலாம். குறை என்றால், எழுதும் முறை மார்க்டவுன் இல்லை, அவர்களுடைய சொந்த முறை. அரை நாளில் பழகிவிடும்.

புக்ஸ்டாக் அதைவிடக் கண்ணுக்கு வடிவு. அலுமாரித் தட்டு, புத்தகம், அத்தியாயம், பக்கம் என்று அடுக்கு தெளிவாக இருக்கும், வேர்டில் எழுதுவது போலவே எழுதலாம், கணினி அவ்வளவாகத் தெரியாத அக்காவோ மாமாவோ திறந்தாலும் விளங்கும். வீட்டுக்கும் வகுப்புக்கும் என்றால் பலருக்கு இதுதான் பொருந்தும். ஆனால் எல்லாம் மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி டேட்டாபேஸுக்குள் போகிறது. ஆகவே காப்புப் பிரதி எடுக்கும்போது டேட்டாபேஸை முறையாக ஏற்றுமதி செய்து, ஏற்றிய படங்களின் போல்டர்களையும், ரகசியச் சாவி இருக்கும் அமைப்புக் கோப்பையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை நேரே கொப்பி பண்ணி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு, அது தேவைப்படும் நாளில் திறக்காமல் போகலாம். இதைப் போடுவதென்றால் மாதம் ஒருமுறை முக்கியமான புத்தகங்களை எச்டிஎம்எல் ஆகவோ மார்க்டவுன் ஆகவோ ஏற்றுமதி செய்து தனியாகப் போட்டு வையுங்கள். தொடக்கத்தில் நான் சொன்ன கேள்விக்கு அப்போதுதான் இது ஆம் என்று பதில் சொல்லும்.

போனில்தான் அதிகம் எழுதுவீர்கள் என்றால் ஜொப்ளின் என்ற குறிப்பு ஆப். சிக்னல் இல்லாத இடத்தில் எழுதி, வீட்டுக்கு வந்ததும் ஒத்திசைக்கும். சேர்வர் பக்கத்தில் கோப்புகளை வாங்கி வைக்க நெக்ஸ்ட்கிளவுட், வெப்டாவ், அல்லது ஜொப்ளினின் சொந்த சேர்வர், எதுவென்றாலும் சரி. சேர்வரில் போய்க் கிடக்கும் கோப்புகளின் பெயர்கள் அடையாள எண்களாக இருக்கும், மனிதர் வாசிக்க உதவாது. வெளியே எடுக்க ஆப்பில் இருந்து மார்க்டவுனாக ஏற்றுமதி செய்ய வேண்டும். பாஸ்வேர்ட் இல்லாமல் யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டும் முழுக் குறியாக்கத்தைப் போட்டால் பாஸ்வேர்டை மறக்கவே கூடாது, மறந்தால் யாரும் திறந்து தரமாட்டார்கள்.

மற்றவை சுருக்கமாக. ட்ரிலியம் மரம் மாதிரி கிளை கிளையாக அடுக்க நல்லது. அதை உருவாக்கியவர் 2024 தொடக்கத்தில் இனிப் பராமரிப்பு மட்டும்தான் என்று அறிவித்தார், பிறகு ட்ரிலியம்நெக்ஸ்ட் என்ற பெயரில் சமூகம் எடுத்து நடத்துகிறது. ஒருவரே சுமக்கும் திட்டங்களில் இது நடக்கும், போட முதல் கடைசி வெளியீடு எப்போது வந்தது என்று பாருங்கள். அவுட்லைன் மிக அழகு, ஆனால் போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் என்று இரண்டு டேட்டாபேஸ், பிறகு உள்நுழைவுக்கென்று இன்னொரு சேவை என்று கேட்கும், ஒரு ஆளுக்கு அவ்வளவு சோலி எதற்கு? விக்கிப்பீடியாவும் நம்முடைய நூலகம் தளமும் ஓடுவது மீடியாவிக்கியில். அதனால் அதையே போடலாம் என்று சில பெடியள் தொடங்குவார்கள், வீட்டுக் குறிப்புக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

தமிழில் பரீட்சை வையுங்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த ஒப்பீட்டிலும் இந்தப் பகுதி இருக்காது, நமக்கு இதுதான் முக்கியம். இரண்டு மென்பொருளாகச் சுருக்கியபின் ஒவ்வொன்றிலும் பத்துப் பக்கம் தமிழில் எழுதிப் பாருங்கள். மாதிரிப் பக்கங்கள் வேண்டாம், உங்கள் உண்மையான குறிப்புகள்.

தேடலில் இருந்து தொடங்குங்கள். ஒரு பக்கத்தில் "வாய்க்கால்" என்று எழுதிவிட்டு அதே சொல்லைத் தேடுங்கள். பிறகு "கிணற்றுக்கு" என்று எழுதிவிட்டு "கிணறு" என்று தேடுங்கள். முதலாவது கிடைக்க வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் எதிலும் கிடைக்காது, வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லே மாறிவிடுகிறது, அது அந்த மென்பொருட்களுக்குத் தெரியாது. முதலாவதுகூடக் கிடைக்கவில்லை என்றால், அல்லது ஒரு சொல்லைத் தேடச் சம்பந்தமில்லாத பக்கமெல்லாம் வருகிறதென்றால், அந்தத் தேடல் பொறி தமிழின் உயிர்மெய்க் குறிகளில் சொல்லை வெட்டுகிறது என்று சந்தேகப்படலாம். டோக்குவிக்கியில் சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடலாம், "கிணற்*" என்றால் கிணற்றில், கிணற்றுக்கு எல்லாம் வரும். எதுவுமே சரிவராவிட்டாலும் பக்கத்தின் கீழே கிணறு, மோட்டர், 2024 சிறுபோகம் என்று குறிச்சொற்கள் போடும் பழக்கம் உங்களைக் காப்பாற்றும்.

அடுத்தது கோப்புப் பெயர். டோக்குவிக்கி தமிழ்த் தலைப்புகளை இயல்பாக சதவீதக் குறி போட்ட நீண்ட பெயர்களாக மாற்றிச் சேமிக்கும். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட், அது ஒன்பது எழுத்தாக விரியும், லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு எல்லை 255 பைட். கணக்குப் பார்த்தால் இருபத்தைந்து குறியீட்டுக்கு மேல் தலைப்பு வைக்கவே கஷ்டம், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாகவே எண்ணப்படும். அதைவிட, போல்டரைத் திறந்து பார்த்தால் எந்தக் கோப்பு என்னவென்று மனிதருக்கு விளங்காது. அமைப்பில் கோப்புப் பெயரைச் சேமிக்கும் முறையை யுடிஎஃப்-8 என்று மாற்றினால் பெயர்கள் தமிழிலேயே இருக்கும். இதைப் பக்கங்கள் எழுதத் தொடங்க முதலே செய்ய வேண்டும், பிறகு மாற்றினால் பழைய பக்கங்கள் காணாமல் போனது போல் இருக்கும்.

பிடிஎஃப் ஏற்றுமதியையும் ஒருக்கா பாருங்கள். "கொ", "பொ", "தெ" எல்லாம் கொம்பு இடம் மாறாமல் வருகிறதா? சில பிடிஎஃப் கருவிகளுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாது. அப்படியென்றால் பிரவுசரில் பக்கத்தைத் திறந்து பிரின்ட் கொடுத்து பிடிஎஃபாகச் சேமித்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

பழைய வேர்ட் கோப்புகள் இருந்தால் அவை பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவையாகத்தான் இருக்கும், இலங்கையில் அலுவலகம், பள்ளிக்கூடம், அச்சகம் எல்லாம் எவ்வளவு காலம் அதில்தானே ஓடின. அப்படியே உள்ளே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், தேடவும் முடியாது. மாற்றிக் கருவி ஒன்றில் யுனிகோடாக்கி, ஒருமுறை வாசித்துத் திருத்திவிட்டுப் போடுங்கள். "கௌரி" என்பதை சிலர் "கெளரி" என்று ள போட்டு அடித்திருப்பார்கள், கண்ணுக்கு ஒன்றுதான், தேடும்போது இரண்டு வேறு சொல்.

மெஷினும் கரண்டும்

பழைய லப்டொப் இருந்தால் வேறொன்றும் வாங்க வேண்டாம். அதன் பற்றரி அரைமணி நேரம் தாங்கினாலும் அது ஒரு யுபிஎஸ்தான். மூடியை மூடினால் தூங்கிவிடாதபடி அமைப்பை மாற்றுங்கள். பற்றரி வீங்கியிருந்தால் மட்டும் அதை வைத்துக்கொண்டு இரவு பகலாக ஓடவிட வேண்டாம்.

ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியும் நல்லதுதான், ஆனால் எஸ்டி கார்டில் ஓடவிட்டால் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் நிற்க நிற்க ஒருநாள் கார்ட் பழுதாகும். யுஎஸ்பியில் ஒரு சின்ன எஸ்எஸ்டியைப் பூட்டி அதில் இருந்து ஓடவிடுங்கள். மின்செலவு பெரிதில்லை: ஐந்து வாட் இழுக்கும் பை மாதம் முழுக்க ஓடினால் 3.6 யூனிட், இருபது வாட் இழுக்கும் லப்டொப் 14.4 யூனிட். நம்முடைய பில் படி படியாக ஏறுவதால், நீங்கள் ஒரு படியின் விளிம்பில் இருந்தால் அந்தப் பதினாலு யூனிட் அடுத்த படிக்குத் தள்ளிவிடும், பழைய பில்லை எடுத்துப் பாருங்கள்.

ரவுட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் கட்டாயம். இன்டர்நெட் போனாலும் வைஃபை உயிரோடு இருந்தால் வீட்டுக்குள் சேர்வரைத் திறக்கலாம், கனபேருக்கு இது தெரியாது. 2022இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்தபோது எந்தப் பற்றரியும் காணாது, 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று நாடு முழுக்க இருட்டாக்கியதும் தெரிந்த கதை. அப்படியான நாளில் போனில் ஒரு பிரதி இருந்தால்தான் உண்டு. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி இறங்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள், லப்டொப் பற்றரியில் ஓடட்டும்.

நிறுவுதல், வெளியே இருந்து திறத்தல்

மெஷினில் டெபியன் அல்லது உபுண்டு என்ற லினக்ஸ், அதன்மேல் ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனிப் பெட்டியாக ஓடவிடும் டொக்கர். சேர்வர் மென்பொருட்களை டொக்கரில் போட்டால் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் பார்ப்பது சுலபம். தரவு போல்டரை மட்டும் டொக்கருக்கு வெளியே, உங்களுக்குத் தெரிந்த ஒரு இடத்தில் வையுங்கள். டோக்குவிக்கியை நிறுவும்போது யார் பார்க்கலாம் என்று கேட்கும், மூடிய விக்கி என்பதைத் தெரிவு செய்யுங்கள். பிறகு நிறுவல் கோப்பை அழித்துவிடுங்கள்.

வெளியே இருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட், அதாவது வெளியில் இருந்து உள்ளே வர ஒரு வாசல், திறக்கும் வழியைத்தான் பழைய வழிகாட்டிகள் சொல்லும். 4ஜி இணைப்பில் அது பெரும்பாலும் வேலை செய்யாது, ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ரவுட்டரின் பக்கத்தில் காட்டும் வெளி முகவரியையும், பிரவுசரில் உங்கள் ஐபி என்ன என்று தேடினால் வருவதையும் ஒப்பிடுங்கள், இரண்டும் வேறென்றால், குறிப்பாக ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரையில் ஏதாவது தொடங்கினால், அந்தக் கதைதான். அதற்காக யாரோடும் சண்டை பிடிக்க வேண்டாம், டெயில்ஸ்கேலைப் போனிலும் சேர்வரிலும் போடுங்கள். இரண்டும் தங்களுக்குள் ஒரு தனி வழியை அமைத்துக்கொள்ளும், உலகத்துக்கு எதையும் திறந்துவிடத் தேவையில்லை. தனி ஆளுக்கு இலவசத் திட்டம் போதும்.

பத்திர ஸ்கேன்களுக்கு வருவோம். முழு டிஸ்க்கையும் குறியாக்கம் செய்யுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், சரியான ஆலோசனைதான், ஆனால் கரண்ட் நின்று வரும் ஒவ்வொரு முறையும் சேர்வர் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு நிற்கும், நீங்கள் வவுனியாவில் நிற்பீர்கள். என் தெரிவு: டிஸ்க்கை விட்டுவிட்டு, பத்திரங்களை மட்டும் கிரிப்டோமேட்டர் அல்லது வெராகிரிப்ட் என்ற மென்பொருளால் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய பெட்டியில் போடுவது. விதைநெல் கணக்கை யார் பார்த்தால் என்ன, உறுதியின் பிரதி யாரிடமும் போகக்கூடாது.

காப்புப் பிரதி

மூன்று பிரதி, இரண்டு விதமான இடம், அதில் ஒன்று வேறு ஊரில். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்த குடும்பங்களுக்கு அந்தக் கடைசிப் பிரதி ஏன் என்று விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ உள்ள சித்தி வீட்டில் ஒரு பென்டிரைவ் போதும், போய்வரும்போது மாற்றிக்கொள்ளலாம். ரெஸ்டிக் என்ற கருவி எடுக்கும் பிரதி எப்போதும் குறியாக்கத்தோடுதான் இருக்கும், பென்டிரைவ் தொலைந்தாலும் பயமில்லை. அதன் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி உறுதி வைத்திருக்கும் பையிலேயே வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் அது இருக்கும் இடம் தெரியட்டும்.

முதல் பிரதி எடுத்த கிழமையே, அதை வேறொரு மெஷினில் திரும்ப ஏற்றிப் பாருங்கள். வேறு மெஷின் இல்லாவிட்டால் நண்பனுடைய லப்டொப்பில். பக்கங்கள் திறக்கின்றனவா, படங்கள் வருகின்றனவா, தமிழ்த் தலைப்புகள் உடையாமல் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் கொப்பியில் இருப்பவற்றை உள்ளே ஏற்றத் தொடங்கலாம்.

அப்டேட் விஷயம் மட்டும் மிச்சம். டொக்கரில் எப்போதும் ஆகப் புதியதை எடு என்று விட்டுவிடாமல் பதிப்பு எண்ணைக் குறித்துப் போடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காப்புப் பிரதி எடுத்துவிட்டு, வெளியீட்டுக் குறிப்பை வாசித்துவிட்டு, கரண்ட் நிற்காத ஒரு காலை நேரத்தில் ஏற்றுங்கள். பாதுகாப்புத் திருத்தம் என்று போட்டிருந்தால் காத்திருக்க வேண்டாம். டேட்டா நிறைய இழுக்கும் என்பதால், இரவுநேர டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் முதல்நாள் இரவே டவுன்லோட் செய்து வைத்துவிடலாம்.